ராணுவக் குடும்பத்தில் விவாகரத்து: வீடு, சேமிப்பு, பென்ஷன் யாருக்கு?

தெரெண்டாக், கெமாஸ், குளுவாங், லுமுட் என்று கணவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் சாமான்களைக் கட்டிக்கொண்டு கூடவே போன பெண்கள் நம்மிடையே நிறைய பேர். பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் தேட வேண்டும், புது ஊரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதில் தனக்கென்று ஒரு நிலையான வேலை பார்க்க எங்கே நேரம்? பதினைந்து, இருபது வருடம் இப்படிக் குடும்பம் நடத்திய பிறகு பிரிவு என்று வந்தால், அந்தப் பெண் முதலில் கேட்கும் வார்த்தை இது: "எல்லாம் அவர் சம்பாத்தியம், உனக்கு ஒன்றும் கிடையாது."

கைத்தொலைபேசியில் தேடிப் பார்ப்பவர்களுக்கு நேர் எதிரான செய்தி கிடைக்கிறது: "பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்தால் ராணுவ பென்ஷனில் பாதி மனைவிக்கு." இரண்டையும் நம்ப வேண்டாம்.

அந்தப் பத்து வருடக் கதை அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது. ராணுவத்தினரின் ஓய்வூதியத்தை மாநில நீதிமன்றங்கள் சொத்தாகக் கருதிப் பிரிக்கலாம் என்று 1982-இல் அங்கே தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் பத்து வருடம் என்பது, அரசாங்கமே முன்னாள் மனைவிக்கு நேரடியாகப் பணம் அனுப்புவதற்கான நிபந்தனை. பாதி தர வேண்டும் என்ற கட்டாயம் அங்கேயும் இல்லை. நம் நாட்டில் ராணுவ விவாகரத்துக்கென்று தனிச்சட்டமே கிடையாது. சிப்பாயாக இருந்தாலும் மேஜராக இருந்தாலும், முஸ்லிம் அல்லாதவர்கள் என்றால் 1976-ஆம் ஆண்டு திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம்தான், அதாவது சட்டம் 164. தோட்டத்தில் வேலை செய்பவருக்கும் வங்கி மேலாளருக்கும் எது சட்டமோ, அதுவே ராணுவ வீரருக்கும்.

ஆனால் ராணுவ வீரரின் சொத்துகள் மற்றவர்களின் சொத்துகளைப் போல இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2018-இல் மாறியது என்ன?

சொத்துப் பிரிவினையைப் பற்றிச் சொல்வது இந்தச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு. முன்பு அது சொத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. இருவரும் சேர்ந்து உழைத்துச் சேர்த்த சொத்து என்றால் சமபங்கை நோக்கி நீதிமன்றம் சாயும். ஒருவர் மட்டும் சம்பாதித்து வாங்கியது என்றால், வீட்டைப் பார்த்துக்கொண்ட மற்றவருக்கும் ஏதோ ஒரு பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு சம்பாதித்தவருக்கே. ராணுவ வீரரின் மனைவிக்கு இதனால் பாதகம் அதிகம். சம்பளச் சீட்டு ஒன்றுதான், அதில் இருப்பது கணவர் பெயர்.

நாடாளுமன்றம் 2017-இல் செய்த திருத்தம் 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. அந்த இரண்டு வகைப் பிரிவு போய்விட்டது. திருமண காலத்தில் சேர்ந்த சொத்து எதுவானாலும், யார் பெயரில் இருந்தாலும், ஒரே அளவுகோல். பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ ஒவ்வொருவரும் போட்டது என்ன, இருவரின் நன்மைக்காக வாங்கிய கடன் எவ்வளவு, வயது வராத பிள்ளைகளின் தேவை என்ன, திருமணம் எத்தனை ஆண்டு நீடித்தது என்று நீதிமன்றம் பார்க்கும். வீட்டைக் கவனித்ததும் குடும்பத்தைப் பராமரித்ததும் பங்களிப்பு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுச் சமபங்கை நோக்கிச் சாய வேண்டும் என்பதே இப்போதைய விதி.

கவனியுங்கள், "சாய வேண்டும்" என்றுதான் இருக்கிறது. எல்லாருக்கும் சரிபாதி என்று அர்த்தமில்லை. இரண்டே வருடம் வாழ்ந்த தம்பதிக்கும் இருபது வருடம் வாழ்ந்தவர்களுக்கும் ஒரே கணக்கு வராது. அதோடு இந்தச் சட்டம் ஒருதலைப்பட்சமும் அல்ல. மனைவி தாதியாகவோ ஆசிரியையாகவோ வேலை பார்த்து, அவர் பெயரில் வீடோ சேமிப்போ இருந்தால் அதுவும் கணக்கில் வரும். இதை மறந்துவிட்டு நீதிமன்றப் படியேறி, பிறகு திகைப்பவர்கள் உண்டு.

கல்யாணத்துக்கு முன்பே கணவர் பெயரில் இருந்த நிலம் பொதுவாக இதில் சேராது. ஆனால் அந்த நிலத்தில் மனைவியின் உழைப்பாலோ இருவரின் கூட்டு முயற்சியாலோ வீடு எழும்பியிருந்தால், அந்த அளவுக்கு அதுவும் திருமணச் சொத்தாகிவிடும். நம் வீடுகளில் முன்பணத்துக்கு நகைதான் அடகுக்குப் போகிறது. அந்த அடகுச் சீட்டைப் பத்திரப்படுத்தியிருந்தால் அதுவே சாட்சி.

குடியிருப்பு, சொந்த வீடு

முகாமில் குடும்பத்தோடு வாழும் ஆர்.கே.ஏ.டி. குடியிருப்பு அரசாங்கத்துடையது. அது பணிக்காகத் தரப்படுவது, யாருடைய சொத்தும் இல்லை. நீதிமன்றம் அதைப் பிரித்துக் கொடுக்காது. விவாகரத்து ஆகிவிட்டால் மனைவிக்கு அங்கே தங்கும் உரிமை கிடையாது. ஆகவே வழக்குப் போடுவதற்கு முன்பே, எங்கே தங்குவது, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் தொடர்வது என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. சொத்துக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பின்னால் தள்ளினால், பிறகு அம்மா வீட்டில் ஓர் அறையில் மூன்று பேர் என்ற நிலை வரும்.

சொந்த வீடு இருந்தால், பெரும்பாலும் அது அரசாங்க ஊழியர்களுக்கான எல்.பி.பி.எஸ்.ஏ. வீட்டுக் கடனில் வாங்கியதாக இருக்கும். கணவரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடித்தம் போகும். வீட்டின் இன்றைய விலையில் கடன் பாக்கியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பிரிக்க வேண்டிய மதிப்பு. மனைவி அரசாங்க ஊழியராக இல்லாவிட்டால் அந்தக் கடனை அப்படியே தன் பெயருக்கு எடுத்துக்கொள்ள முடியாது. வங்கியில் புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைக்க வேண்டும். வங்கி கேட்பது மூன்று மாதச் சம்பளச் சீட்டு. நீதிமன்றம் "வீடு மனைவிக்கு" என்று ஒப்புக்கொண்டாலும், கடன் கிடைக்காமல் வீடு கைநழுவிப் போவது இந்த இடத்தில்தான்.

எல்.டி.ஏ.டி. சேமிப்பு

மற்றவர்களுக்கு இபிஎஃப் எப்படியோ, ராணுவத்தினருக்கு அப்படி எல்.டி.ஏ.டி. என்னும் ஆயுதப்படை நிதி வாரியம். 1972-இல் தொடங்கியது. அதிகாரிகள் அல்லாத படையினர் சம்பளத்தில் 10 விழுக்காடு கட்டாயமாகச் செலுத்துகிறார்கள், அரசாங்கம் 15 விழுக்காடு சேர்க்கிறது. அதிகாரிகளுக்கு அது விருப்பத்தின் பேரில். வீடு வாங்க ஒரு பகுதியை முன்கூட்டியே எடுக்க வழி உண்டு. மற்றபடி பணியை விட்டு வரும்போதுதான் பணம் கைக்கு வரும்.

திருமண காலத்தில் சேர்ந்த பகுதியை மனைவி சொத்துக் கணக்கில் கேட்கலாம். 19 வயதில் படையில் சேர்ந்தவர் 26 வயதில் கல்யாணம் செய்திருந்தால் முதல் ஏழு வருடச் சேமிப்பு அதற்கு வெளியே நிற்கும். கேட்கும்போது வருடாந்தரக் கணக்கறிக்கையைக் காட்டச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லும் தொகையை ஏற்கக் கூடாது.

சிக்கல், அந்தப் பணம் இன்னும் வெளியே வரவில்லை என்பதுதான். நீதிமன்றக் கட்டளை கணவரைத்தான் கட்டுப்படுத்துகிறது: பணம் கிடைத்ததும் இவ்வளவு கொடு என்று. கிடைக்கும் நாள் இன்னும் ஆறு வருடம் கழித்து என்றால், ஆறு வருடம் கழித்து அவர் எங்கே இருப்பார், பணம் எங்கே போயிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பணி முடிவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும், பணம் கிடைத்து இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் வட்டி என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு வரி கூடுதலாக எழுதுவதில் வழக்கறிஞருக்குச் சிரமம் ஒன்றுமில்லை.

பென்ஷன்

சாதாரண படைவீரர் 21 வருடம் பணி முடித்தால் பென்ஷன் உண்டு. நாற்பது வயதில் வெளியே வந்து பாதுகாவலர் வேலைக்கோ சொந்தத் தொழிலுக்கோ போகிறவர்கள் பலர். முன்னாள் மனைவிக்கு இந்த மாதாந்தரப் பென்ஷனில் இத்தனை விழுக்காடு என்று சொல்லும் சட்டம் எதுவும் இங்கே இல்லை. அது கணவரின் வருமானம். ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது நீதிமன்றம் இருவரின் வசதியையும் தேவையையும் பார்க்கும். அந்த வசதியில் பென்ஷனும் சேரும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. பென்ஷன் வாங்குபவர் இறந்துவிட்டால் அந்தப் பென்ஷன் அவருடைய விதவைக்கும் தகுதியுள்ள பிள்ளைகளுக்கும் போகும். விவாகரத்தான மனைவி சட்டத்தின் கண்ணில் விதவை அல்ல. இருபது வருடம் கூட வாழ்ந்து, அவர் பணி முடிப்பதற்கு ஆறு மாதம் முன்பு பிரிந்திருந்தாலும் நிலைமை அதுதான். பிள்ளைகளின் உரிமை மட்டும் விவாகரத்தால் போகாது. ஆகவே பேச்சுவார்த்தையில் உட்காரும்போது மனைவி எதைக் கைவிடுகிறார் என்பதைக் கணக்கில் வைத்து, அதற்கு ஈடாக வீட்டிலோ ரொக்கத்திலோ கூடுதலாகக் கேட்பது நியாயம். என் அபிப்பிராயத்தில், பல ராணுவக் குடும்பங்களின் உடன்பாட்டில் விடுபட்டுப் போவது இதுதான்.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். வீட்டின் விலை 320,000 வெள்ளி, கடன் பாக்கி 110,000. மிச்சம் 210,000. திருமண காலத்தில் சேர்ந்த எல்.டி.ஏ.டி. சேமிப்பு 70,000. மகளின் படிப்புக்காக வாங்கிய கூட்டுறவுக் கடன் 30,000. அது இருவரின் நன்மைக்காக வாங்கியது என்பதால் கழிக்க வேண்டும். ஆக மொத்தம் 250,000. சமபங்கு என்றால் ஆளுக்கு 125,000.

வீட்டை மனைவியே வைத்துக்கொள்ள நினைத்தால், தன் பங்குக்கு மேல் 85,000 வெள்ளியைக் கணவருக்குக் கொடுத்து, 110,000 கடனையும் ஏற்க வேண்டும். அதாவது 195,000 வெள்ளிக்கு வங்கிக் கடன். நாசி லெமாக் விற்றும் தையல் தைத்தும் பிழைப்பவருக்கு எந்த வங்கி கொடுக்கும்?

வீட்டையும் கடன்களையும் கணவரே ஏற்றுக்கொண்டால், அவர் மனைவிக்கு 125,000 தர வேண்டும். அதில் 70,000 எல்.டி.ஏ.டி. பணம் வரும் வரை காத்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், மீதி 55,000-க்குத் தவணையும் தேதியும் வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் வீட்டை விற்றுப் பிரிப்பதுதான் வழி. எந்த வழி என்றாலும் பிள்ளைகளின் செலவு தனிக் கணக்கு. அதை இந்த 125,000-த்துக்குள் போட்டு மறைக்க விடக்கூடாது.

ஜீவனாம்சம்

மனைவிக்கான ஜீவனாம்சம் அவர் மறுமணம் செய்தால் நின்றுவிடும். பிள்ளைகளுக்கானது பொதுவாக 18 வயது வரை. 2018 திருத்தத்துக்குப் பிறகு, மேற்படிப்போ பயிற்சியோ தொடர்ந்தால் அது முடியும் வரை கேட்கலாம். குடும்பம் உடைந்ததற்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பது ஜீவனாம்சத் தொகையைப் பாதிக்கக்கூடும். சொத்துப் பிரிவினைக்கான பட்டியலில் அந்தக் காரணம் இல்லை. "தப்பு அவர்மேல், ஆகவே வீடு முழுக்க எனக்கு" என்ற வாதம் எடுபடாததற்கு அதுவே காரணம்.

கணவர் பணியை விட்டு வந்ததும் சம்பளம் போய் பென்ஷன் மட்டும் நிற்கும். தொகையைக் குறைக்கச் சொல்லி அவர் மனுச் செய்யலாம். புது வேலை கிடைத்து வருமானம் கூடினால் மனைவியும் உயர்த்தக் கேட்கலாம். பணம் வராமல் நின்றால் பொறுத்துப் பொறுத்துப் பார்க்காதீர்கள். மூன்று வருடத்துக்கு மேல் பழைய பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது என்று சட்டம் சொல்கிறது.

வழக்குக்கு முன்

திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிட்டவர்கள் முதல் வேலையாக வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். அவர்களின் நிலை தனிச் சிக்கல். 1982 மார்ச் 1-க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானதாகவே கருதுகிறது.

திருமணமாகி இரண்டு வருடம் ஆகாமல், விதிவிலக்கான கஷ்டம் இருந்தாலொழிய, விவாகரத்து மனுப் போட முடியாது. இருவரும் சம்மதித்தால் கூட்டு மனு. அது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஒருவர் மட்டும் கேட்டால் முதலில் தேசியப் பதிவுத் துறையின் சமரசக் குழு முன் போக வேண்டும். கணவர் சபாவிலோ லெபனானில் ஐ.நா. அமைதிப் பணியிலோ இருந்தால் அந்தச் சந்திப்பு இழுத்துக்கொண்டே போகும். வேண்டுமென்றே வர மறுப்பவர், எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் கைவிட்டுப் போனவர் ஆகியோர் விஷயத்தில் இந்தக் கட்டத்துக்குச் சட்டம் விலக்குத் தருகிறது.

இன்னொன்று. இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்தது விவாகரத்துக்கு ஆதாரமாகலாம். ஆனால் பணி மாற்றலால் வேறு வேறு ஊரில் இருந்ததை மட்டும் அப்படிக் காட்ட முடியாது. தாம்பத்தியம் முறிந்ததால் பிரிந்திருந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். கணவனோ மனைவியோ இஸ்லாத்தைத் தழுவியிருந்தால், பழைய திருமணத்தை முடிக்க இப்போது இருவரில் யார் வேண்டுமானாலும் சிவில் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். முன்பு மதம் மாறாதவருக்கு மட்டுமே அந்த உரிமை இருந்தது.

சொத்துப் பிரிவினையையும் ஜீவனாம்சத்தையும் விவாகரத்து மனுவிலேயே கேட்டுவிடுங்கள். "முதலில் விடுதலை, மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்று போனவர்கள் இன்னொரு வழக்குக்குச் செலவழிக்கிறார்கள். வீட்டையோ காரையோ அவசரமாகக் கைமாற்றப் பார்க்கிறார் என்று தெரிந்தால், தடையுத்தரவு கேட்கலாம். ஜீவனாம்சத்தைத் தட்டிக்கழிக்கவே விற்றது என்று நிரூபித்தால் அந்த விற்பனையை ரத்து செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பு வந்த நாளிலேயே திருமணம் முடிந்துவிடாது; நீதிமன்றம் குறைத்தாலொழிய மூன்று மாதம் கழித்துத்தான் அது இறுதியாகும். அதற்கு முன் மறுமணத்துக்கு நாள் குறிக்க வேண்டாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவித் துறையின் கிளை அலுவலகத்திலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ கேட்டுப் பார்க்கலாம். வருமானத்தை விசாரிப்பார்கள். போகும்போது திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வீட்டுக் கடன் அறிக்கை, கணவரின் சம்பளச் சீட்டு, எல்.டி.ஏ.டி. கணக்கறிக்கை ஆகியவற்றின் நகல்களையும், இருந்தால் அடகுச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். குடியிருப்பை விட்டு வெளியேறிய பிறகு இவற்றில் பாதி கைக்குக் கிடைக்காது. அங்கே இருக்கும்போதே படமெடுத்து வைத்துக்கொள்வது சுலபம்.